படியும் சேரும் கிலோவும்

ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வரையப் புகுவோர் கோட்டையையோ, கோயிலையோ, கொற்றவனையோ பொருளாகக் கொள்வது மரபு. நாம் இம்முறை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் பொருளாகக் கொண்டிருக்கின்றோம். அது நம் பாட்டியாருடையது. கும்பகோணத்தில் எழுதத் தொடங்கப்பெற்றுச் செகந்தராபாத்தில் நிறைவுற்றது. மஞ்சட் கறையும் எண்ணெய்க் கறையும் ஏறிய அதன் ஏடுகளில் பட்சணங்களுக்கும் ஊறுகாய்களுக்கும் உரிய அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன. செய்முறை ஒன்றுக்கும் இல்லை. செய்யத் தெரிந்தவருக்கு அளவு மட்டும் போதும் என்பது அக்காலத்தார் கருத்துப் போலும்.

சென்ற தீபாவளிக்கு நம் பேத்தி அந்த நோட்டைப் பார்த்து அதிரசம் செய்ய முற்பட்டாள். 'படி அரிசிக்கு வெல்லம் 4 சேர், ஏலக்காய் அரை ரூபாய் எடை' என்று அதில் இருந்தது. சேர் என்பது 933 கிராம் என எங்கோ கேட்டறிந்து, அரைப்படி அரிசி மாவுக்கு ஏறக்குறைய 1 கிலோ 870 கிராம் வெல்லத்தைப் பாகாக்கிச் சேர்த்துவிட்டாள். எண்ணெயில் இட்ட மாத்திரத்தில் அதிரசம் கரைந்து சட்டி முழுவதும் கரும்பாகாய்ப் பரவிற்று. பாட்டியார் தவறாக எழுதிவிட்டார் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. இறந்துபோனவர் வந்து மறுமொழி கூற இயலாது. ஆதலின் அவர் சார்பில் ஆராய்வது நம் கடனாயிற்று.

நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தோம். முதல் வரி கறுப்பு மையில் இருந்தது. ஓரத்தில், அதே கையெழுத்தில், நீல மையில், 'இவ்விடத்துச் சேரானால் ஒன்றேகால்' என்று ஒரு குறிப்பு இருந்தது. அதன் கீழே நம் தாயாரின் கையெழுத்தில், பச்சை மையில், 'கிலோ 1, கிராம் 120' என்று மற்றொன்று. ஒரே வெல்லத்துக்கு மூன்று கணக்கு! ஒரு குடும்பம் காவிரிக் கரையினின்றும் மூசி நதி நாட்டுக்கு வந்த வரலாறும், ஒரு தேசம் தன் எடைக்கற்களை மாற்றிக்கொண்ட வரலாறும் அந்த மூன்று மைகளில் அடங்கிக் கிடக்கின்றன.

தமிழர் அளத்தலையும் நிறுத்தலையும் தொன்றுதொட்டு வேறுபிரித்தே அறிந்திருந்தனர். தொல்காப்பியத்து எழுத்ததிகாரம், தொகைமரபில், அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துக்கள் ஒன்பது என வரையறுக்கின்றது. உரைகாரர் அளவுக்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பனவற்றையும், நிறைக்குக் கழஞ்சு, சீரகம், தொடி, பலம் முதலியவற்றையும் எடுத்துக் காட்டினர். சமையற்கட்டில் இவ்விரண்டும் கலந்தே வழங்கின. அம்பாசமுத்திரத்தில் உள்ள வரகுண பாண்டியன் கல்வெட்டு, கி.பி. 9-ஆம் நூற்றாண்டினது, இறைவனுக்கு உரிய திருவமுதைப் பட்டியலிடும் அழகைப் பாருங்கள். அரிசியை முகந்து நாழியாற் கூறுகின்றது. நெய்யையும் தயிரையும் முகந்தே கூறுகின்றது. சர்க்கரையையும் கறிக்காய்களையும் நிறுத்துப் பலத்தாற் கூறுகின்றது. வாழைப்பழத்தையோ எண்ணிக்கையாற் கூறுகின்றது. ஓடுவதும் உதிர்வதும் முகக்கப்படும். கட்டியாகவும் வடிவின்றியும் இருப்பது நிறுக்கப்படும். தனித்தனியே நிற்பது எண்ணப்படும். இதனினும் தெளிவான சமையற் சட்டம் வேறு இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. ஆங்கு நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். அஃது இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் குறித்துள்ளனர். பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். மணியும் நகையும் நிறுத்த கல்லோ தட்சிணமேருவிடங்கன். இறைவன் திருப்பெயரை அளவுகருவிக்குச் சூட்டினால் கைகுறைய அளப்பவன் அஞ்சுவான் என்று எண்ணினர் போலும். அஞ்சினானோ இல்லையோ, எந்த மரக்கால் என்று பெயர் சொல்லி எழுதினாலன்றிக் கணக்கு நில்லாது என்பதை இராசராசன் காலத்து அலுவலர் நன்கு உணர்ந்திருந்தனர். பிற்காலத்தவராகிய நாம் அதனை மறந்தோம். 'படி' என்று மட்டும் எழுதினோம்; எந்தப் படி என்று எழுதவில்லை.

வாய்பாடு என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி அல்லது படி, 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். திண்ணைப் பள்ளியில் இதனைப் பாடாத பிள்ளை இல்லை. ஆயினும் வாய்பாடு பொதுவானதேயன்றிப் படி பொதுவானதன்று. சென்னைப் பட்டணத்துப் படி ஏறத்தாழ 1.7 லிட்டர் கொள்ளும். இற்றை நாள் நூல்கள் பலவற்றிற் காணும் படி 1.34 லிட்டர் அளவினது. ஆழாக்கு அதனால் ஓரிடத்தில் 210 மில்லிலிட்டராகவும் மற்றோரிடத்தில் 170 மில்லிலிட்டர் அளவினதாகவும் நிற்கும். பெரிய படி, சின்னப் படி என்று சந்தையிலே கூவி விற்றதெல்லாம் இதனாலேதான்.

இதற்கு மேல் அளப்பவன் கைத்திறன் ஒன்று உண்டு. தலைதட்டி அளப்பது ஒரு முறை. கோபுரமாகக் குவித்து அளப்பது மற்றொரு முறை. குவியலின் அளவு, படியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று; வாயின் அகலத்தைப் பொறுத்தது. வாய் அகன்று குட்டையாய் இருக்கும் படியில் குவியல் பெரிது; நெட்டையாய் ஒடுங்கிய படியிற் சிறிது. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு படிகளைச் செய்து, வாங்கும்போது அகன்றதாலும் விற்கும்போது ஒடுங்கியதாலும் அளந்தால் எந்தச் சட்டமும் பிடிக்காது. படியைத் தரையிற் குலுக்கி வைத்து அளந்தால் அரிசி அமிழ்ந்து கூடுதலாய் இறங்கும். மெல்லச் சொரிந்தாற் குறையும். களத்துமேட்டில் அளப்பவர் 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று தொடங்குவது வழக்கம். யாருக்கு லாபம் என்பது அவர் மணிக்கட்டைப் பார்த்தாற் புலனாகும்.

ஆங்கில அரசாங்கத்தார் இந்தச் சிக்கலைக் கண்டு திகைத்தனர். மாவட்டந்தோறும் படிகள் வேறுபட்டமையால், அவர்கள் விவர நூல்களில் உள்ளூர்ப் படியைக் கன அங்குலத்தால் மட்டும் கூறாது, இரண்டாந்தர அரிசியைக் குவித்து அளந்தால் இத்தனை தோலா எடை என்று குறிக்கலாயினர். முகத்தல் அளவைக்கே எடையைச் சான்றாக நிறுத்தினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தோலா என்பதோ ரூபாயின் எடை. 1833-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் 180 கிரெயின் எடையுள்ள ரூபாயையே தோலாவாக நிறுவினர். அதாவது 11.66 கிராம். பாட்டிமார் 'ரூபாய் எடை' என்று எழுதியது இதனையே. வீட்டில் எடைக்கல் இல்லாவிடினும் வெள்ளி ரூபாய் இருந்தது. தராசின் ஒரு தட்டில் நாணயத்தையும் மறுதட்டில் ஏலக்காயையும் இட்டால் முடிந்தது கணக்கு.

சென்னை மாகாணத்து நிறுத்தல் வாய்பாடு இந்தத் தோலாவிலே எழுந்தது. 3 தோலா 1 பலம், 8 பலம் 1 சேர், 5 சேர் 1 வீசை, 8 வீசை 1 மணங்கு. இவ்வாறாயின் சேர் என்பது 24 தோலா. இன்றைய எடையில் 280 கிராம். பாட்டியார் கறுப்பு மையில் எழுதிய 4 சேர் வெல்லம், 1 கிலோ 120 கிராம். நம் பேத்தி இட்டது அதன் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட கணக்கு. பாட்டியார் தவறு செய்யவில்லை. சேர் என்னும் சொல்தான் ரயிலேறி வரும் வழியில் தன் பொருளை மாற்றிக்கொண்டது.

தமிழர் இந்நகருக்கு வந்த வரலாற்றை இம்மலரைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1798-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாக ஆங்கிலேயப் படை இங்கு நிலைபெற்றது. 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் செகந்தராபாத் எழுந்தது. சென்னைப் படைப்பிரிவுகளோடு சிப்பாய்களும், அவர்களுக்கு அரிசி பருப்பு வழங்கிய ஒப்பந்தக்காரர்களும், கணக்கர்களும் வந்து குடியேறினர். 1874-இல் வாடியிலிருந்து ரயில் வந்தபின், ரயில்வே உத்தியோகம் தேடி வந்தோர் தொகை பெருகிற்று. நம் பாட்டனாரும் அவ்வகையில் 1944-இல் லாலாகுடாவுக்கு வந்தவரே.

வந்த முதல் மாதமே பாட்டியாருக்கு மளிகைக் கணக்கு உதைத்ததாம். கடையில் அரிசி 'ஒரு படி' கேட்டார். படி என்றால் என்னவென்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஊர்ப்புறத் தெலுங்கு மக்களிடையே கித்த, சோல, தவ்வ, மானிக என்று முகத்தல் அளவைகள் இல்லாமல் இல்லை. எனினும் நகரத்து அங்காடியில் அரிசி முதல் வெல்லம் வரை யாவும் தராசிலே ஏறின. சேர் என்று கேட்டதும் கிடைத்தது 80 தோலா கொண்ட வடநாட்டுச் சேர். ஏறத்தாழ 933 கிராம். கால் சேர் 'பாவ்'. அதிற் பாதி 'ஆதா பாவ்'. பதினாறில் ஒரு பங்கு 'சட்டாக்'. 5 சேர் 'பசேரி'. 120 சேர் ஒரு 'பல்லா'. ஒரு சேர் புளி வாங்கிவரச் சொன்னால் மூன்று மாதத்துப் புளி வந்து இறங்கியது என்று அவர் சொல்லிச் சிரிப்பதை நாம் சிறுவயதிற் கேட்டிருக்கின்றோம். முதல் மாதம் சிரித்திருக்கமாட்டார்.

நாணயமும் இரட்டை. நிஜாம் அரசின் ஹாலி சிக்கா ரூபாய் ஒன்று. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் மற்றொன்று. இதனைப் பி.ஜி. என்பர். 7 ஹாலி ரூபாய்க்கு 6 பி.ஜி. ரூபாய் என்பது மாற்று விகிதம். எடையிலும் ஹாலி சற்றுக் குறைவு, ஏறத்தாழ 11.2 கிராம். ஆகவே 'ரூபாய் எடை' என்று எழுதிய இடத்தும் எந்த ரூபாய் என்ற வினா எழுந்தது. ஏலக்காய்க்கு அரைக் கிராம் வேறுபாடு ஒரு பொருட்டன்று. பொன் நிறுக்கும்போது அதே அரைக் கிராம் மாமியார் வீட்டுப் பேச்சாகிவிடும்.

பாட்டியார் என்ன செய்தார்? பெட்டியில் கொணர்ந்த பித்தளைப் படியால் வீட்டில் அரிசியை அளந்து, அதனைக் கடைத் தராசில் நிறுக்கச் செய்து, தம் படிக்கு இவ்வூர்ச் சேர் எவ்வளவு என்று கண்டுகொண்டார். 120 தோலா, ஒன்றரைச் சேர். நான்கு சென்னைச் சேர் 96 தோலா. அதனை 80-ஆல் வகுத்தால் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் வரும். கடைக்காரரிடம் ஐந்தில் ஒன்று கேட்க முடியுமா? ஒன்றேகால் என்று நிறுத்திக்கொண்டார். நீல மைக் குறிப்பு அதுவே. பள்ளியில் நான்காம் வகுப்பைத் தாண்டாத ஒரு பெண்மணி, முகத்தலை நிறுத்தலாகவும், தென்னாட்டு நிறையை வடநாட்டு நிறையாகவும், அடுப்பங்கரையிலிருந்தே மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் ஒரு தேசமே செய்த வேலை இது.

அத்தேசிய வேலை நெடுங்காலம் தட்டிக்கழிக்கப்பட்டது. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சேர் என்னும் பெயரைக் கிலோகிராமுக்கே சூட்டி, லிட்டரை முகத்தல் அளவாக வைத்தது. சட்டப் புத்தகத்தை விட்டு அது வெளியே வரவில்லை. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் 80 தோலாவே சேர், 40 சேரே மணங்கு என்று நிலைநாட்டிற்று. விடுதலைக்குப் பின்னர் 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. அளவை நிறைச் சட்டம் 1956 டிசம்பரில் நிறைவேறி, 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962 ஏப்ரல் முதல் பழைய எடைகள் அறவே விலக்கப்பட்டன. 1956 நவம்பர் 1-இல் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராகியிருந்த இவ்வூர், மொழிவாரி மாநிலம், புதுக் காசு, புது எடை என மூன்று மாற்றங்களை ஏறத்தாழ ஒரே மூச்சில் விழுங்கிற்று. ஹாலி நாணயமும் 1959 வரை கூடவே இழுபட்டது.

அந்நாட்கள் நமக்கு மங்கலாக நினைவுள்ளன. மோண்டா மார்க்கெட்டில் வட்டமான பழைய கற்களுக்கு அருகே அறுகோண வடிவில் புதிய இரும்புக் கற்கள் அமர்ந்தன. அடியிற் குழியில் ஈயம் ஊற்றி அதன்மேல் முத்திரை பதித்திருப்பர். கணக்கு இதுதான்: ஒரு கிலோ ஏறத்தாழ 86 தோலா, அதாவது 1 சேரும் 6 தோலாவும். சேர் 12 அணாவுக்கு விற்ற பருப்பு, கிலோவாக 80 நயா பைசாவுக்கு விற்றால் இருபுறமும் நட்டமில்லை. ஆனால் சில கடைகளில் விலை கிலோவுக்கும் கல் சேருக்குமாக இருந்தது. ஒவ்வொரு கிலோவுக்கும் 67 கிராம் காற்றோடு போயிற்று. நம் தாயார் வீட்டில் தராசு வைத்திருந்தமையால் ஒரு கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டார். அவர் இரு கற்களையும் எடுத்துக் காட்டி, 'பழக்கதோஷம் அம்மா' என்றாராம். பழக்கம் ஏன் எப்போதும் குறைவான கல்லின் பக்கமே சாய்ந்தது என்பதற்கு அவர் விடை கூறவில்லை.

எனினும் இவ்வூரில் மாற்றம் எளிதாகவே முடிந்தது என்று கூறவேண்டும். சேரிலிருந்து கிலோவுக்குப் போவது ஒரே ஒரு பெருக்கல். அரிசிக்கும் அதுவே, உளுந்துக்கும் அதுவே, சர்க்கரைக்கும் அதுவே. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. ஆங்குப் படியிலிருந்து கிலோவுக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு பெருக்கல் போதாது. பொருளுக்கு ஒரு பெருக்கல் வேண்டும். ஒரு படி அரிசியும் ஒரு படி நெல்லும் ஒரே எடையல்ல; உமிக்குள் காற்று உள்ளது. ஒரு படி உப்பு அரிசியினும் கனம்; ஒரு படி மாவு அரிசியினும் இலேசு. ஆதலினால் தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் அரிசி நெடுநாள் லிட்டராலேயே அளந்து விற்கப்பட்டது. மெட்ரிக் சட்டத்தையும் மீறாமல் முகக்கும் வழக்கத்தையும் விடாமல் இருக்க மக்கள் கண்ட வழி அது. பழைய எடைகள் விலக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1967 தேர்தலில் அண்ணா அவர்கள் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று முழங்கினார். ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. மூன்று கிலோ என்று அவர் முழங்கியிருந்தால் எத்தனை பேர் உள்ளத்தில் உலை கொதித்திருக்கும்?

ரூபாய் எடைக்கும் அக்காலத்திலேயே முடிவு வந்தது. 1962-இல் வெளியான புது நிக்கல் ரூபாய் 10 கிராம் எடையினதே. அதனைத் தட்டில் இட்டு நிறுத்தவருக்கு ஒவ்வொரு ரூபாய் எடையிலும் ஒன்றரைக் கிராமுக்கு மேல் குறைந்தது. தோலாவைப் பெற்ற தாயே தோலாவைக் கைவிட்டாள்.

இனி நோட்டின் கடைசி ஏடுகளுக்கு வருவோம். இவை நம் அத்தையார் எழுதியவை. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல இருந்தன. அயல்வீட்டு அம்மையாரிடம் அத்தையார் கேக் செய்யக் கற்றார். முட்டைக்கு நம் சமையற்கட்டில் அனுமதி இன்மையால் கொல்லைப்புறத்துக் கரியடுப்பில், மணல் பரப்பிய பாத்திரத்துக்குள் அந்த அரங்கேற்றம் நிகழ்ந்தது. குறிப்பு வியப்புக்குரியது: 'மூன்று முட்டை எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா.' தராசின் ஒரு தட்டில் முட்டைகளை வைத்து, மறுதட்டில் ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டியதுதான். எடைக்கல்லே வேண்டா. தோலா போய்க் கிராம் வந்தாலும், ஹாலி போய் நயா பைசா வந்தாலும் இந்தக் குறிப்பை ஒருவரும் திருத்த வேண்டியிருக்கவில்லை. நோட்டிலே ஒரே மையில் நிற்பது இந்த ஒரு பக்கமே.

அதற்கடுத்த பக்கத்தில் ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து எடுத்தெழுதிய கேக் ஒன்று உள்ளது. அதில் மைதா 2 கப், சர்க்கரை 1 கப் என்று கண்டிருக்கின்றது. பக்கத்தின் ஓரத்தில் 'கல்' என்று ஒரு சொல். எடைக்கல் அன்று, கேக் வந்த நிலை! கப் என்பது அமெரிக்க நாட்டு அளவு; 237 மில்லிலிட்டர். 1896-இல் பாஸ்டன் சமையற்பள்ளித் தலைவியார் ஃபேனி ஃபார்மர் தம் நூலில், கப்பையும் கரண்டியையும் கத்தி முதுகால் வழித்துச் சமமாக அளக்க வேண்டும் என்று வற்புறுத்தி அமெரிக்க மகளிருக்கு அளவு கற்பித்தார். கும்பகோணத்தில் தலைதட்டல் என்று நாம் சொல்வதை அவர் பாஸ்டனிற் சொன்னார், அவ்வளவே. ஆனால் தலைதட்டினாலும் தீராத குறை ஒன்று மாவுக்கு உண்டு. சலித்து மெல்ல இட்ட மைதா அந்தக் கப்பில் 120 கிராம் கொள்ளும். டப்பாவுக்குள் கப்பை அழுத்தி முகந்தால் 150 கிராம் வரை இறங்கும். இரண்டு கப்புக்கு 60 கிராம் மாவு கூடினால் கேக் கல்லாகாமல் என் செய்யும்? அத்தையாரின் கப்போ தேநீர்க் கோப்பை. அரிசி சற்றுக் கூடினாற் சோறு பொறுத்துக்கொள்ளும். நீரைக் கூட்டிச் சரிசெய்யலாம். அடுப்புக்குள் மூடிய மாவுக்கு அத்தகைய மறுவாய்ப்பு இல்லை. இதனாலேதான் இந்நகரத்து ரொட்டிக்கடைகளிலும் ஏனைய ஊர்களிலும் தொழில் செய்வோர் மாவை நிறுக்கின்றனர். மாவின் எடையை நூறு என்று வைத்து, வெண்ணெய், சர்க்கரை, நீர் யாவையும் அதற்கு இத்தனை பங்கு என்று கணக்கிடுவது அத்தொழிலின் மரபு.

இவ்வளவும் படித்தபின் வீட்டில் ஒரு நாள் ஆய்வில் இறங்கினோம். பேத்தி மின்தராசைக் கொணர்ந்தாள். நாம் பரண்மேலிருந்து பாட்டியாரின் பித்தளைப் படியை இறக்கினோம். பச்சரிசியைச் சொரிந்து தலைதட்டி நிறுத்தோம்: 1 கிலோ 400 கிராம். பாட்டியார் கண்ட 120 தோலா அதுவே. சென்னைக் கணக்கில் சரியாக வீசை ஒன்று. குவித்து நிறுத்தபோது 90 கிராம் கூடிற்று. பிறகு ஆழாக்கால் ஒவ்வொரு பொருளாக முகந்தோம். அரிசி 175 கிராம், சர்க்கரை ஏறத்தாழ 180, உருக்கிய நெய் 190. மைதா மட்டும் நிலைகொள்ளவில்லை. பேத்தி சலித்து இட்டபோது 110. நாம் முகந்தபோது 135. ஒரே ஆழாக்கு, ஒரே மாவு. கை மட்டும் வேறு.

கிலோவும் முழுதும் நிலைத்ததென்று சொல்லிவிட முடியாது. பாரிசுக்கு அருகே பெட்டகத்தில் வைத்திருந்த உலோக உருளையே உலகத்துக்கெல்லாம் கிலோவாக இருந்தது. அதன் நேர்படிகளுள் 57 என்னும் எண்ணுடையது புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உளது. 2019 மே 20 முதல் அந்த உருளை பதவியிழந்து, பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண் ஒன்றால் கிலோ வரையறுக்கப்படுகின்றது. மளிகைக் கடையில் இதனால் ஒரு கடுகும் கூடவில்லை, குறையவுமில்லை. இவ்வூர்க் கடைத்தெருவில் இன்றும் 'பாவ் கிலோ' என்றே கேட்கின்றனர். சேர் மறைந்தும் அதன் கால் பங்கு, 233 கிராமிலிருந்து 250 கிராமாகப் பருத்து, கிலோவின் வீட்டில் குடியிருக்கின்றது.

நம் குடியிருப்பில் பல இல்லங்களில் இத்தகைய படியும் உழக்கும் பரண்மேற் கிடக்கும். சீர்வரிசையில் வைப்பதற்கு மட்டும் இறங்கும். கையெழுத்து நோட்டுக்களும் கிடக்கும். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை வெளியிடுமுன் தமிழ் இல்லங்களுக்கு அந்நோட்டுக்களே சமையல் நூல்கள். அவற்றில் உள்ள படி எந்த ஊர்ப் படி, சேர் எந்த நாட்டுச் சேர் என்று சொல்ல வல்லோர் இன்று எண்பதைக் கடந்தவர்களே. அவர்களைக் கேட்டு, பாத்திரத்தை ஒருமுறை அரிசியால் நிரப்பி நிறுத்து, அந்த எடையை நோட்டின் முதல் ஏட்டில் எழுதி வைக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். ஆண்டுவிழா நாளன்று மண்டபத்து வாயிலருகே தராசும் பச்சரிசியுமாக நாம் அமர்ந்திருப்போம். படியைக் கொணர்வோர் கொணரலாம்.

நம் நோட்டில் இப்போது நான்காவது மை ஏறியிருக்கின்றது. சிவப்பு. எள்ளுப்பேத்தியின் கையெழுத்து: 'பச்சரிசி 1400 கிராம், வெல்லம் 1120 கிராம், ஏலக்காய் 6 கிராம். எள்ளுப்பாட்டி படி, தலைதட்டி.'